தீவகத்து வானம் – 12: றேலி விட்டுச்சென்ற இரண்டு கணக்குகள்

சென்ற பகுதி 1910இல் நின்றது. ஊர்காவற்றுறையிலிருந்து பாதை ஏறினால் சற்று நேரத்தில் போய்ச்சேரும் காரைநகரில் பிறந்து, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அலன் ஆபிரகாம், ஹேலி வால்வெள்ளியைப் பற்றிக் கணித்து எழுதிய காலம் அது. மே மாதத்தில் வால்வெள்ளி பூமியைக் கடந்து போயிற்று. ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபர் 19ஆம் திகதி, லாகூரில் ரயில்வே கணக்காய்வு அதிகாரியாக இருந்த சுப்பிரமணிய ஐயருக்கும் சீதாலட்சுமிக்கும் முதல் மகன் பிறந்தார். சென்னையில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, 1937 முதல் அமெரிக்காவின் யேர்க்ஸ் வானாய்வகத்தில் பணிபுரிந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்தான்.

அவரைப் பற்றி எழுதுவோர் கப்பற்பயணத்தில் போட்ட வெண்குறுமீன் கணக்கையும், 1935 ஜனவரியில் லண்டனில் எடிங்டன் எழுந்து அவரை மறுத்ததையும், 1983ஆம் ஆண்டு நோபல் பரிசையும் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டாயிற்று. இந்தத் தொடருக்கு வேண்டியவை அவருடைய வேறு இரண்டு வேலைகள். இரண்டும் றேலி பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் தொடங்கி, ஓரளவு தூரம் கொண்டுபோய் விட்டுச்சென்ற கணக்குகள். ஒன்று வானத்தின் ஒளி பற்றியது. மற்றது சுழலும் பாய்மம் பற்றியது. பல பத்தாண்டுகள் கழித்து இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன: தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவே, கருந்துளையைச் சுற்றி எரியும் வாயுத் தட்டில். வெண்குறுமீனின் 1.4 சூரிய நிறை எல்லையைவிட இவ்விரு வேலைகளுமே இன்றைய வானியலாளரின் கையில் அதிகம் புழங்குகின்றன என்பது என் கணிப்பு.

முதற் கணக்கை விளங்கிக்கொள்ள நெடுந்தீவே போதும். பொழுது சாயும் வேளையில் மேற்குக் கரையில் நின்று தலைக்கு நேர் மேலே பாருங்கள். நீர்ப்பரப்பின் கூச்சம் தெரியாமல் இருக்க அணியும் போலறொய்ட் கண்ணாடி ஒன்று கையில் இருக்கட்டும். அதைக் கண்ணுக்கு முன்னே பிடித்து மெல்லத் திருப்பினால், உச்சிவானத்து நீலம் ஒரு நிலையில் இருளும். இன்னும் கால்வட்டம் திருப்பினால் வெளுக்கும். ஒளி ஓர் அலை. அது போகும் திசைக்குக் குறுக்கே அதிர்கிறது. சூரியனிலிருந்து வரும் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக அதிர்கிறது. காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கு வரும்போது ஒரு குறிப்பிட்ட பக்கமாக அதிகம் அதிர்கிறது. இதை முனைவாக்கம் என்கிறோம். சூரியன் மேற்கு அடிவானத்தைத் தொடும்போது, வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்குவரை ஓடும் வளையத்தில் இந்த முனைவாக்கம் மிக வலுவாக இருக்கும்.

1871இல் றேலி இதற்குக் கணக்குத் தந்தார். சிறிய துகள்கள் நீல ஒளியைச் சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. அதனால் வானம் நீலம். சூரியனுக்குச் செங்கோணத்தில் வரும் ஒளி முழுமையாக முனைவாக வேண்டும். ஆனால் உண்மை வானத்தில் அது ஒருபோதும் முழுமையாக இல்லை. அது மட்டுமா? சூரியனுக்கு மேலும் கீழும், அதற்கு எதிர்த்திசையிலும் முனைவாக்கமே அற்றுப்போகும் சில புள்ளிகள் இருக்கின்றன. அராகோ, பபினே, புரூஸ்டர் என்று அவற்றைக் கண்டவர்களின் பெயரால் அழைக்கப்படும் அந்தப் புள்ளிகள் 1840களிலேயே தெரிந்தவை. றேலியின் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. காரணம் எளிது. ஒளி ஒரேயொரு முறை சிதறுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் அது ஒரு மூலக்கூறில் பட்டு, இன்னொன்றில் பட்டு, தரையில் தெறித்து, மறுபடியும் மேலே போய்ச் சிதறுகிறது. ஒவ்வொரு முறையும் திசையும் மாறுகிறது, அதிர்வும் மாறுகிறது. இந்தப் பின்னலை அவிழ்க்க அப்போது கணிதம் போதவில்லை.

சந்திரசேகரின் சித்தப்பா சி. வி. ராமன் றேலியோடு வேறொரு பக்கத்தில் மோதியவர். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புத்தான் என்று றேலி கருதியிருந்தார். 1921இல் நார்குண்டா கப்பலில் நாடு திரும்பிய ராமன், மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியை ஒரு நிக்கோல் பட்டகத்தால் தடுத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று நிறுவினார். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகில் இருந்து அதே போலறொய்ட் கண்ணாடியால் கடலைப் பார்ப்பவர்கள் ராமன் செய்ததையே செய்கிறார்கள்.

சித்தப்பா கடலை எடுத்துக்கொண்டார். மகன் முறையானவர் வானத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் சந்திரசேகர் வந்த வழி வேறு. 1940களில் அவர் கேட்ட கேள்வி விண்மீன்களைப் பற்றியது. விண்மீனின் உள்ளேயிருந்து வரும் ஒளி, அதன் வெளிப்படலத்தில் எண்ணற்ற முறை சிதறி, கடைசியில் எந்தத் திசையில் எவ்வளவு வெளியே வரும்? ஆர்மேனிய வானியலாளர் விக்டர் அம்பார்த்சுமியான் 1943இல் வியக்கத்தக்க ஒரு திறவுகோலைக் கண்டிருந்தார். எல்லையற்ற தடிப்புள்ள ஒரு படலத்தின் மேல் இன்னொரு மெல்லிய படலத்தைச் சேர்த்தாலும் அதிலிருந்து தெறிக்கும் ஒளி மாறாது. இந்த ஒரு வரியிலிருந்து, உள்ளே நடக்கும் கோடானுகோடிச் சிதறல்களைத் தொடராமலே வெளியே வரும் ஒளியைக் கணிக்கலாம். சந்திரசேகர் இதைப் பெருக்கி, ஒரு முழுக் கணித அமைப்பாகக் கட்டினார். ஒளியின் அதிர்வையும் சேர்த்துக் கணிப்பதற்காக, 1852இல் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் எழுதி ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த நான்கு அளவுகளைத் தேடியெடுத்துப் பயன்படுத்தினார். இன்று முனைவாக்கத்தை அளக்கும் எவரும் ஸ்டோக்ஸ் அளவுகளில்தான் பேசுகிறார்கள். 1950இல் இந்த உழைப்பு ‘கதிர்வீச்சுக் கடத்தல்’ என்ற பொருளில் ஒரு நூலாக வந்தது. தமக்கு மிகுந்த நிறைவைத் தந்த ஆய்வு இதுவே என்று அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

வானத்தின் முனைவாக்கப் புள்ளிகள் இந்தக் கணிதத்தில் தாமாகவே வந்து விழுந்தன. 1954இல் சந்திரசேகரும் டொனா எல்பேட்டும் சேர்ந்து, சூரியன் எந்த உயரத்தில் நிற்கும்போது வானத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு ஒளி, எவ்வளவு முனைவாக்கம் என்று விரிவான அட்டவணைகளை வெளியிட்டார்கள். டொனா எல்பேட் 1948 முதல் சுமார் 30 ஆண்டு அவருடன் பணியாற்றிய கணிப்பாளர். கணினி கைக்கு வராத காலத்தில், மேசைக் கணிப்பொறியில் எண் எண்ணாகப் போட்டுப் பெற்றவை அந்த அட்டவணைகள். சந்திரசேகரின் நூல்களைப் போற்றுகிறவர்கள் எல்பேட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தெளிந்த நாளொன்றில் நெடுந்தீவின் வானம் மாலை ஆறு மணிக்குக் காட்டும் ஒளியும் அந்த அட்டவணைகளுக்குக் கட்டுப்பட்டதே.

இனிக் காற்றை எடுத்துவிட்டு அதனிடத்தில் இலத்திரன்களை வைப்போம். மிகச் சூடான விண்மீனின் வெளிப்படலத்தில் அணுக்கள் உடைந்து, தனித்த இலத்திரன்களே ஒளியைச் சிதறடிக்கின்றன. அத்தகைய தட்டையான படலத்தைச் செங்குத்தாகப் பார்த்தால் முனைவாக்கம் பூச்சியம். சரிந்து பார்க்கப் பார்க்க அது கூடும். விளிம்போடு விளிம்பாகப் பார்த்தால் 11.7 சதவீதம். 1946இல் சந்திரசேகர் கண்ட இந்த எண் வானியலில் ஒரு மைல்கல். அதிர்வின் திசை படலத்தின் தளத்தோடு ஒட்டியிருக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பின்னால் இது பெரிய சிக்கலைக் கொண்டுவரப்போகிறது.

அந்த 11.7ஐத் தேடிப் போனவர்களுக்கு வேறு புதையல் கிடைத்தது. ஒரு விண்மீன் இன்னொன்றை மறைக்கும்போது விளிம்பு மட்டும் தெரியும்; அப்போது முனைவாக்கம் தென்படவேண்டும் என்று வில்லியம் ஹில்ட்னரும் ஜோன் ஹோலும் அளந்தார்கள். முனைவாக்கம் தென்பட்டது. ஆனால் மறைப்பு முடிந்த பிறகும் அது மாறாமல் இருந்தது. 1949இல் உண்மை தெரிந்தது. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசு காந்தப்புலத்தால் ஒருபக்கமாக அடுக்கப்பட்டு ஒளியை முனைவாக்குகிறது. அதற்குமுன் யாரும் அறியாத செய்தி அது. சந்திரசேகரின் விளிம்பு விளைவு வெளிப்படையாகத் தெரிய மேலும் பல பத்தாண்டுகள் பிடித்தன. 2017இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் மக நட்சத்திரத்தில் அதைத் தெளிவாகக் கண்டார்கள். மாசி மகத்தன்று முழுநிலவுக்கு அருகே நாம் காண்கிற அதே மகம். உடைந்து சிதறும் எல்லைக்குச் சற்றுக் குறைவான வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர் வேகத்தில் அது சுழல்கிறது. அதனால் நசுங்கி முட்டையுருவாக இருக்கிறது. உருண்டையாக இருந்திருந்தால் எல்லா விளிம்புகளின் முனைவாக்கமும் ஒன்றையொன்று கழித்துவிடும். நசுங்கியிருப்பதால் கொஞ்சம் மிஞ்சுகிறது.

இரண்டாவது கணக்குக்கு வருவோம். ஒரு பாய்மம் சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சி எப்போது நிலையாக இருக்கும், எப்போது குலைந்து கொந்தளிக்கும்? 1917இல் றேலி விதி சொன்னார். கோண உந்தம் வெளிநோக்கிப் போகப்போகக் கூடினால் சுழற்சி நிலையானது. இதை மாற்றிப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. 1959இல் சோவியத் ஒன்றியத்தில் எவ்கெனி வெலிகோவும், 1960இல் சந்திரசேகரும் தனித்தனியே அதே கணக்கில் காந்தப்புலத்தைச் சேர்த்தார்கள். விதி தலைகீழாயிற்று. காந்தப்புலம் மிக மெல்லியதாக இருந்தாலும் போதும். சுழலும் வேகம் வெளிநோக்கிக் குறைந்தால் பாய்மம் குலையும். புலத்தைப் பூச்சியத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே போனாலும் றேலியின் பழைய விதி திரும்பி வரவில்லை என்பதைச் சந்திரசேகர் கவனித்து எழுதினார். 1961இல் வெளிவந்த பாய்ம நிலைப்பு பற்றிய அவருடைய பெருநூலில் அது ஒரு சிறு பகுதி. பிறகு 30 ஆண்டு அது அங்கேயே கிடந்தது.

அந்த 30 ஆண்டில் வானியல் மாறிவிட்டது. 1943இலேயே கார்ல் சீஃபர்ட் சில சுருள் மண்டலங்களின் நடுப்பகுதி வழமைக்கு மாறாக ஒளிர்வதைக் காட்டியிருந்தார். படலங்களைப் பற்றிய திறவுகோலைத் தந்த அதே அம்பார்த்சுமியான், 1958இல் பிரசெல்சில் நடந்த மாநாட்டில், மண்டலங்களின் கருவில் மாபெரும் சக்தி வெளிப்படுகிறது என்று வாதிட்டார், நம்பியவர்கள் குறைவு. 1962இல் 3சி 273 என்ற வானொலி மூலத்தைச் சந்திரன் மறைத்தபோது, அவுஸ்திரேலியாவின் பாக்ஸ் வானொலித் தொலைகாட்டி அதன் இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறித்தது. அங்கே தெரிந்தது ஒரு சாதாரண விண்மீன் போன்ற புள்ளி. 1963இல் மார்ட்டன் சிமிட் அதன் நிறமாலையைப் படித்து, அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதாகக் கண்டார். கன்னி இராசியில் உள்ள அது, சித்திரை மாத இரவுகளில் தீவகத்தின் உச்சிவானத்துக்கு அருகாகக் கடக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நல்லதொரு தொலைகாட்டிக்குத் தெரியும். அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிய வேண்டுமானால் ஒரு முழு மண்டலத்தின் எல்லா விண்மீன்களையும்விட அது பல மடங்கு ஒளிர வேண்டும். குவாசார் என்று இத்தகையவற்றுக்குப் பெயரிட்டார்கள்.

1964இல் சல்பீட்டரும் செல்டோவிச்சும் தனித்தனியே, பெருங் கருந்துளையில் விழும் வாயுவே இச்சக்தியின் ஊற்று என்றார்கள். 1969இல் டொனால்ட் லிண்டன்-பெல் அந்த வாயு நேராக விழாமல் ஒரு தட்டாகச் சுழன்று இறங்கும் என்று வரைந்தார். திரள்வட்டு என்று தமிழில் சொல்லலாம். ஐதரசன் எரிந்து ஈலியமாகும்போது பொருளின் நிறையில் 0.7 சதவீதமே சக்தியாகிறது. திரள்வட்டில், சுழலாத கருந்துளையாக இருந்தால் 6 சதவீதம். மிக வேகமாகச் சுழலும் கருந்துளையாக இருந்தால் 42 சதவீதம்வரை. 1973இல் மொஸ்கோவில் நிக்கொலாய் ஷகூராவும் றஷீத் சுன்யாயெவும் இந்தத் தட்டின் ஒளியைக் கணக்கிட்டார்கள். தட்டை வளையம் வளையமாகப் பிரி. ஒவ்வொரு வளையமும் தன் வெப்பநிலைக்கேற்ப ஒளிரட்டும். உள்ளே போகப்போகச் சூடு கூடும். எல்லா வளையத்தின் ஒளியையும் கூட்டு. பத்துக் கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையாக இருந்தால் உள்வளையங்கள் ஒரு லட்சம் பாகை அளவுக்குச் சூடாகி, ஊதாக்கடந்த ஒளியில் மிகுதியாக எரியும். 1978இல் கிறெகரி ஷீல்ட்ஸ் 3சி 273இன் நிறமாலையில் காணப்பட்ட நீலப் புடைப்பை இத்தகைய தட்டாகவே விளக்கினார்.

ஆனால் அடித்தளத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வாயு உள்ளே இறங்க வேண்டுமானால் தன் கோண உந்தத்தை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். சாதாரண உராய்வு எத்தனையோ கோடி மடங்கு போதாது. கொந்தளிப்பு இருந்தால் போதும்; ஆனால் திரள்வட்டில் கோண உந்தம் வெளிநோக்கிக் கூடுகிறது, ஆகவே றேலியின் விதிப்படி அது அமைதியாகவே சுழலவேண்டும். ஷகூராவும் சுன்யாயெவும் அறியாத அந்த உராய்வுக்கு அல்பா என்று ஓர் எழுத்தை வைத்துவிட்டு மேலே சென்றார்கள். நேர்மையான வழி அது. இருபது ஆண்டுக்கு அண்மித்து அந்த எழுத்தின் பின்னே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

1991இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பல்பஸும் ஜோன் ஹோலியும் அதைக் கண்டார்கள். மெல்லிய காந்தப்புலமே போதும் என்றது அவர்களுடைய கட்டுரை. வெலிகோவும் சந்திரசேகரும் முன்பே கண்ட குலைவு இது என்றும் அதில் குறித்தார்கள். நடப்பது இதுதான். இரண்டு வள்ளங்களை இழுபடும் கயிறொன்றால் கட்டி, ஒன்றை உட்பாதையிலும் மற்றதை வெளிப்பாதையிலும் சுற்றவிட்டதாக எண்ணுங்கள். உள்ளே இருப்பது வேகமாகப் போகிறது. கயிறு அதைப் பின்னுக்கு இழுக்கிறது. கோண உந்தத்தை இழந்து அது மேலும் உள்ளே இறங்குகிறது. உள்ளே இறங்கியதும் இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. கயிறு இன்னும் இறுகுகிறது. வெளியே இருப்பது முன்னுக்கு இழுபட்டு, உந்தம் பெற்று, மேலும் வெளியே போகிறது. காந்தக்கோடுகள் அந்தக் கயிற்றின் வேலையைச் செய்கின்றன. திரள்வட்டு கொந்தளிக்கிறது, வாயு இறங்குகிறது, ஒளி பிறக்கிறது. அப்போது சந்திரசேகருக்கு வயது 80. குவாசார்கள் கண்டறியப்பட்ட காலத்தில் அவர் வேறு துறைக்குப் போயிருந்தார். ஒரு துறையை நூலாக்கி முடித்ததும் அதைவிட்டு நகர்வது அவர் வழக்கம். திரள்வட்டுக்கு அவர் மாதிரி எதுவும் செய்யவில்லை. அதன் இயந்திரத்தின் மையப் பகுதி அவர் நூலில் இருந்தது.

அவருடைய முதற் கணக்கும் அங்கே வந்து காத்திருந்தது. திரள்வட்டின் உட்பகுதி, இலத்திரன்கள் ஒளியைச் சிதறடிக்கும் தட்டையான படலமே அல்லவா? 1975இல் மார்ட்டின் றீஸ் போன்றவர்கள் கருந்துளைத் தட்டின் எக்ஸ்-கதிர் முனைவாகியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். சரிவு 60 பாகையாக இருந்தால் ஏறக்குறைய 2 சதவீதம். விளிம்போடு பார்த்தால் 11.7. அதிர்வுத் திசை தட்டின் தளத்தில் இருக்கவேண்டும். தட்டுக்குச் செங்குத்தாகப் பீறிடும் தாரைக்குக் குறுக்காக என்று பொருள். 1979இல் ஸ்டொக்மன், ஏஞ்சல், மைலி மூவரும் குவாசார்களை அளந்து வைத்தபோது கிடைத்தது நேர் எதிர். ஒளி தாரையோடு ஒட்டி அதிர்ந்தது. அளவும் பெரும்பாலானவற்றில் 1 சதவீதத்துக்கும் குறைவு.

சந்திரசேகரின் கணிதத்தில் பிழையில்லை. நம் கண்ணுக்கு வரும் ஒளி நேரே தட்டிலிருந்து வந்ததா என்பதே கேள்வி. தட்டின் மேற்பரப்பில் உள்ள காந்தப்புலம் முனைவாக்கத்தைக் குலைத்துவிடலாம். தட்டைச் சுற்றிச் சற்று வெளியே இருக்கும் இலத்திரன் வளையம் ஒளியை மறுபடி சிதறடித்து, அதிர்வைத் தாரையின் திசைக்குத் திருப்பலாம். இந்த இரண்டாவது விளக்கத்தை மக்கோட்டோ கிஷிமோட்டோ குழுவினர் 2008இல் ஒரு கருவியாகவே மாற்றினார்கள். குவாசாரின் அகச்சிவப்பு ஒளியில் தட்டின் ஒளியைச் சுற்றுத்தூசின் வெப்பம் மூழ்கடித்துவிடும். தூசின் ஒளி முனைவாகாதது. ஆகவே முனைவான ஒளியை மட்டும் பிரித்தெடுத்தால் தூசு கழன்றுவிடும், தட்டு மிஞ்சும். ஹவாயில் உள்ள தொலைகாட்டியில் அவர்கள் அப்படிப் பிரித்தபோது, ஷகூராவும் சுன்யாயெவும் 35 ஆண்டு முன்பு எழுதிய அதே நீலச் சரிவு தெரிந்தது. இத்துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது. உச்சிவானத்தைப் போலறொய்ட் கண்ணாடியால் பார்ப்பதும் இதுவும் அடிப்படையில் ஒரே செயல்.

மாதிரி வென்றுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 2014இல் ஹபிள், சுவிஃப்ட் விண்கலங்கள் என்ஜிசி 5548 என்ற சீஃபர்ட் மண்டலத்தை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்தன. உள்வளையங்களின் துடிப்பு வெளிவளையங்களை எட்ட எடுத்த நேரம், மாதிரி சொன்னதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. தட்டு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஏன் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமுகப்படவில்லை.

எக்ஸ்-கதிர் முனைவாக்கத்தை அளக்கவென்றே 2021 டிசெம்பர் 9ஆம் திகதி ஐஎக்ஸ்பிஈ என்ற விண்கலம் ஏவப்பட்டது. சீஃபர்ட்டின் 1943ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த என்ஜிசி 4151ஐ அது பார்த்தபோது ஏறத்தாழ 5 சதவீத முனைவாக்கம், தாரையின் திசையிலேயே. தட்டுக்கு மேலே கொதிக்கும் இலத்திரன் முகில், தட்டோடு ஒட்டிப் படர்ந்து கிடக்கிறது என்று அதிலிருந்து ஊகிக்கிறார்கள். நமது பால்வீதியில் உள்ள 4யூ 1630-47 என்ற சிறு கருந்துளையின் தட்டோ, சந்திரசேகரின் எண்ணை வைத்து எதிர்பார்த்ததைவிட அதிகம் முனைவாகியிருந்தது. எழுபத்தைந்து ஆண்டு கடந்தும் எல்லாரும் ஒப்பிடுவது அந்த எண்ணோடுதான்.

2024 ஜனவரி 1ஆம் திகதி சிறீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் எக்ஸ்போசற் புறப்பட்டது. அதில் முனைவாக்கத்தை அளக்கும் போலிக்ஸ் கருவியைச் செய்தது பெங்களூரில் ராமன் நிறுவிய ஆய்வு நிலையம். சித்தப்பாவின் கூடத்தில் செய்த கருவி மகனின் கணக்கைச் சோதிக்கிறது. நில நடுக்கோட்டுக்கு 6 பாகைக்குள் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செய்மதி, ஒவ்வொரு சுற்றிலும் நெடுந்தீவின் தென்வானத்தில் அடிவானத்துக்கு மேலாகக் கடக்கிறது. பிரகாசமான எக்ஸ்-கதிர் மூலங்களே அதன் முதன்மை இலக்கு. மங்கலான தொலைதூரக் குவாசார்கள் அதன் எட்டுக்கு அப்பால்.

அவற்றைக் கண்ணுறு ஒளியில் தொடரும் தொலைகாட்டி ஒன்று, பாக்கு நீரிணைக்கு அக்கரையில், தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் 1986 முதல் இயங்குகிறது. நமது ஊர்காவற்றுறையைப் போலவே அந்த ஊரின் பெயரும் காவலூர். அதன் 2.3 மீட்டர் ஆடியையும், அதற்கு ஒன்பது ஆண்டு முன்னே அதே மலையிலிருந்து யுரேனசின் வளையங்களைக் கண்டவர்களையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.